பார்க்கின்சன் மாத்திரைகள் மூளையில் என்ன செய்கின்றன, அதற்கேற்ப எப்படிப் போட்டுக்கொள்வது

டாக்டர் எழுதிய சீட்டில் நாலைந்து மாத்திரை இருக்கும். ஒன்று சாப்பாட்டுக்கு முன்னால், ஒன்று படுக்கப் போகும்போது, ஒன்று ஒரு நாளைக்கு நாலு வேளை. ஏன் இப்படி என்று அங்கே கேட்க நேரமிருக்காது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சாப்பிட்ட கையோடு ஒன்றாக விழுங்கிவிட்டு, அடுத்த முறை போய் "மருந்து கேட்கவே இல்லை டாக்டர்" என்று சொல்வோம், அவர் டோஸை ஏற்றுவார். மருந்தில் குறையே இருந்திருக்காது, போட்ட நேரம்தான் தப்பு.

ஒவ்வொரு மாத்திரையும் உடம்பில் எங்கே போய் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால் எதை எப்போது போடுவது, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது. டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் நியூராலஜிஸ்ட் வேலை, அதில் நாம் கை வைக்க வேண்டாம். நேரத்தைப் பிடிப்பது நம் வேலை. இது அதற்கு.

மூளையில் குறைவது எது

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்புசெல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, தங்கள் நீண்ட இழைகள் வழியாக ஸ்ட்ரையேட்டம் என்ற இன்னொரு பகுதியில் கொண்டுபோய் விடுகின்றன. ஸ்ட்ரையேட்டத்திலிருந்து கிளம்பும் பாதைகள் இரண்டு. ஒன்று நாம் நினைத்த அசைவைத் தூண்டிவிடும், மற்றது வேண்டாத அசைவை அடக்கும். டோபமைன் முதல் பாதையை டி1 ஏற்பிகள் (செல்லில் டோபமைன் வந்து உட்காரும் இடங்கள்) வழியாக ஊக்குவிக்கிறது, இரண்டாவதை டி2 ஏற்பிகள் வழியாகத் தணிக்கிறது. டோபமைன் வரத்து குறையும்போது தூண்டுதல் மங்கி, அடக்குவது ஓங்கிவிடும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குவது, எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போவது, சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவது எல்லாம் இதனால்தான். கை நடுங்குகிறதே என்று முதல்முறை டாக்டரிடம் போகும் நேரத்தில் ஸ்ட்ரையேட்டத்தின் டோபமைனில் பாதிக்கு மேல் ஏற்கெனவே போயிருக்கும்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதியது 1817-ல். டோபமைன் சமாசாரம் வெளிவர அதற்கப்புறம் நூற்று நாற்பது வருஷம் ஆனது. மூளையின் டோபமைனைக் காலி செய்யும் ரெசர்பின் மருந்தைக் கொடுத்து அசையாமல் கிடந்த முயல்கள், டோபமைனாக மாறும் டோபாவை ஊசி போட்டதும் எழுந்து நடமாடியதை 1957-ல் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் காட்டினார் (2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது). நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றிப்போயிருப்பதை 1960-ல் ஹார்னிகீவிச் கண்டுபிடித்தார், மறுவருஷமே அவரும் பிர்க்மேயரும் சேர்ந்து நோயாளிகளுக்கு லெவோடோபாவை (டோபாவின் ஒரு வடிவம்) ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 1967-ல் கோட்சியாஸ் என்ற டாக்டர், வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக டோஸை ஏற்றினால் பலன் நிலைக்கிறது என்று காட்டினார். இன்றுவரை அதைவிட நன்றாக வேலை செய்யும் மாத்திரை வரவில்லை.

லெவோடோபா: வயிற்றிலிருந்து மூளை வரை

குறைவது டோபமைன் என்றால் டோபமைனையே மாத்திரையாக்கிக் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், மூளைக்குள் போகாது. ரத்தக் குழாய்க்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை உள்ளே விடுவதில்லை. ஆனால் டோபமைன் ஆவதற்கு ஒரு படி முந்தைய பொருளான லெவோடோபா ஓர் அமினோ அமிலம். அமினோ அமிலங்களை உள்ளே எடுத்துச்செல்ல அந்தத் தடுப்பில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன, லெவோடோபா அவற்றோடு தொற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே போனபின் நரம்புசெல்லில் இருக்கும் ஒரு நொதி அதை டோபமைனாக மாற்றும்.

சிக்கல் என்னவென்றால் அதே நொதி குடலிலும் கல்லீரலிலும் ரத்தத்திலும் கூட இருக்கிறது. லெவோடோபாவைத் தனியாக விழுங்கினால் பெரும்பகுதி வழியிலேயே டோபமைனாக மாறி வீணாகும். வீணானாலும் பரவாயில்லை, வாந்தியைத் தூண்டும் மூளைப்பகுதி அந்தத் தடுப்புக்கு வெளியே இருப்பதால் வெளியில் சுற்றும் டோபமைன் அதைப் போய்க் கிளறிவிடும், குமட்டும். அதனால்தான் மாத்திரையில் கார்பிடோபா அல்லது பென்செரசைடு என்று இரண்டாவது பெயர் ஒன்று சேர்ந்தே இருக்கிறது. இவை வெளியில் இருக்கும் நொதியை மட்டும் கட்டிப்போடும், மூளைக்குள் போகாது என்பதால் உள்ளே நடக்கும் மாற்றத்தில் தலையிடாது. அட்டையில் 100/25 என்று இருந்தால் லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 25. சில நாடுகளில் இதையே 25/100 என்று திருப்பி அச்சடிக்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான், பயந்துவிட வேண்டாம். நாள் முழுக்கச் சேர்த்து கார்பிடோபா சுமார் 70 முதல் 100 மில்லிகிராம் இருந்தால்தான் வெளி நொதி சரியாக அடங்கும். குறைந்த டோஸிலேயே குமட்டல் விடாமல் தொல்லை கொடுத்தால் இதைச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம்.

சரி, இப்போது சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை, அதைத் தாண்டிச் சிறுகுடலின் மேல்பகுதிக்குப் போக வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை இரைப்பையிலேயே மாட்டிக்கொண்டு கிடக்கும். போதாக்குறைக்கு, புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதே கடத்திகளுக்குப் போட்டி போடும், குடலில் ஒருமுறை, மூளை வாசலில் இன்னொரு முறை. ஆகவே சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து, ஒரு டம்ளர் தண்ணீர் நிறையக் குடித்துப் போடுவது நல்லது. தொடக்கத்தில் வெறும்வயிற்றில் குமட்டினால் புரதம் அதிகமில்லாத எதையாவது கொஞ்சம் கொறித்துவிட்டுப் போடலாம்.

நோய் தொடங்கிய முதல் சில வருடங்களில் பலருக்குச் சாப்பாட்டால் எந்த வித்தியாசமும் தெரியாது, அவர்கள் இதை நினைத்துக் கஷ்டப்பட வேண்டியதில்லை. மதியம் சாப்பிட்ட பிறகு மருந்து சரியாக ஏறவில்லை என்று உணர்பவர்கள், பகலில் புரதத்தைக் குறைத்து இரவுச் சாப்பாட்டுக்கு நகர்த்திப் பார்க்கலாம். நகர்த்தச் சொல்கிறேன், நிறுத்தச் சொல்லவில்லை. புரதத்தை ஒரேயடியாக விட்டவர்கள் உடம்பு இளைத்துத் தசை கரைந்து புதுத் தொல்லையை வாங்கிக்கொள்கிறார்கள்.

இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவோடு ஒட்டிக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்யும், இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள், குடல் மந்தமாக இருந்தால் மருந்தின் ஓட்டமும் தாறுமாறாகும். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையை நசுக்கவோ மெல்லவோ கூடாது, அதன் அமைப்பே மெதுவாகக் கரைவதற்குத்தான். பூனைக்காலி விதையிலும் நிஜமாகவே லெவோடோபா இருக்கிறது, ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பது பொடிக்குப் பொடி மாறும், கார்பிடோபாவும் கிடையாது. இயற்கை மருந்துதானே என்று மாத்திரையோடு சேர்த்து எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது, மறைத்தால் அவர் தெரியாமலே டோஸைக் கணக்குப் போடுகிறார்.

முதலில் நன்றாக இருந்தது, இப்போது ஏன் சீக்கிரம் இறங்கிவிடுகிறது

கார்பிடோபாவோடு எடுத்தாலும் லெவோடோபா ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். அப்படியிருந்தும் புதிதாகத் தொடங்கியவருக்கு மூன்று வேளை போட்டாலே நாள் முழுக்கச் சமமாக ஓடுகிறது. மிச்சமிருக்கும் நரம்புசெல்கள் வந்த லெவோடோபாவை டோபமைனாக்கிச் சேமித்து வைத்துத் தேவைக்கேற்ப விடுகின்றன, மாடியில் தொட்டி இருக்கிற வீடு மாதிரி. குழாயில் ஒருமணி நேரம்தான் தண்ணீர் வந்தாலும் நாள் முழுக்கக் குளிக்கலாம். வருடங்கள் போகப் போக அந்தச் செல்கள் குறைகின்றன, தொட்டி சுருங்குகிறது, ரத்தத்தில் மருந்து ஏறினால் அசைவு வரும், இறங்கினால் போய்விடும் என்ற நிலைமை வருகிறது. அடுத்த வேளைக்கு அரைமணி, ஒரு மணி முன்னாலேயே கால் இழுக்கத் தொடங்குவது இதனால்தான். மருந்து பிடித்திருக்கும் நேரத்தை ஆன் என்றும் இறங்கிய நேரத்தை ஆஃப் என்றும் சொல்வார்கள்.

இதோடு இன்னொன்றும் வரும். டோபமைன் செல்கள் குறைந்தபின், செரட்டோனின் என்ற வேறொரு வேதிப்பொருளைத் தயாரிக்கும் செல்களும் லெவோடோபாவை எடுத்து டோபமைனாக மாற்றுகின்றன. ஆனால் அளவறிந்து விடத் தெரியாமல் கண்டபடி கொட்டுகின்றன. மருந்து உச்சத்தில் இருக்கும்போது தலை, தோள், கை தானாக நெளிந்து ஆடுவதற்கு, அதாவது டிஸ்கைனீசியாவுக்கு, இது ஒரு காரணம்.

நெளிவதையும் நடுங்குவதையும் வீட்டில் உள்ளவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஆபத்தான குழப்பம். நடுக்கம் ஒரே தாளத்தில், பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போது வரும், மருந்து குறைந்ததன் அறிகுறி. டிஸ்கைனீசியாவுக்குத் தாளம் கிடையாது, வளைந்து நெளிந்து போகும், மாத்திரை போட்டு ஒரு மணி, இரண்டு மணிக்குள் உச்சமாகும், மருந்து கூடியதன் அறிகுறி. இரண்டாவதைப் பார்த்து "ஐயோ, ஆட்டம் அதிகமாகிவிட்டது" என்று இன்னொரு மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து, மாத்திரை போட்ட நேரத்தையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.

"லெவோடோபாவை இப்போதே தொடங்கினால் பின்னால் தேவைப்படும்போது கேட்காது, தள்ளிப்போடுவோம்" என்று பலரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். வேண்டாம். நெதர்லாந்தில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில் 445 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உடனே, மற்றவர்களுக்கு 40 வாரம் கழித்து லெவோடோபா தொடங்கினார்கள். 80 வாரத்தில் இரு பக்கமும் நிலைமை ஒன்றுதான், முன்னதாகத் தொடங்கியதால் நோய் வேகமெடுக்கவும் இல்லை, தடைபடவும் இல்லை. கானா நாட்டு நோயாளிகளையும் இத்தாலிய நோயாளிகளையும் ஒப்பிட்ட 2014 ஆய்வு இன்னும் தெளிவு. கானாவில் மருந்து கிடைக்காமல் தாமதமாகத் தொடங்கியவர்களுக்கும், நோய்க்கு எத்தனை வயதாகியிருந்ததோ அதற்கேற்பத்தான் ஏற்ற இறக்கம் வந்தது, மருந்து தொடங்கி எத்தனை நாள் என்பது கணக்கில் வரவில்லை. டோஸ் அதிகமானால் நெளிவு வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அதற்காக நடக்க முடியும் நாட்களை நடக்காமல் கழிக்க வேண்டுமா?

சீட்டில் இருக்கும் மற்றவை

லெவோடோபாவும் டோபமைனும் சீக்கிரம் சிதையாமல் காப்பாற்றும் மருந்துகள் இரண்டு வகை. எண்டகாபோன், ஓபிகாபோன் போன்றவை காம்ட் என்ற நொதியை மூளைக்கு வெளியே தடுத்து லெவோடோபாவின் ஆயுளை நீட்டும். எண்டகாபோனை ஒவ்வொரு லெவோடோபா வேளையோடும் சேர்த்துத்தான் போட வேண்டும், தனியாகப் போட்டால் காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை. சிறுநீர் செம்பழுப்பாகப் போகும், ரத்தமோ என்று பதற வேண்டாம், மருந்தின் நிறம்தான். ஓபிகாபோன் இரவு ஒரே வேளை, லெவோடோபாவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி. இதே வகையில் டோல்காபோன் என்று ஒன்று உண்டு, கல்லீரலைக் கெடுக்கக்கூடியது என்பதால் ரத்தப் பரிசோதனையோடுதான் கொடுப்பார்கள்.

இரண்டாவது வகை செலிஜிலின், ரசாஜிலின், சஃபினமைடு. மூளைக்குள்ளேயே டோபமைனைச் சிதைக்கும் மாவோ-பி நொதியைத் தடுப்பவை. செலிஜிலின் உடம்பில் ஆம்ஃபெடமின் வகைப் பொருளாகச் சிதைவதால் தூக்கத்தைக் கெடுக்கும், காலையிலேயே போட்டுவிட வேண்டும். இந்த மூன்றில் எது போட்டாலும் டிரமடால், பெத்திடின் போன்ற வலி மருந்துகளும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் மருந்தும் ஆகாது. சும்மா சளிதானே என்று மருந்துக்கடையில் வாங்கிக் குடிக்கும் முன் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது பிரமிபெக்சோல், ரோபினிரோல், தோலில் ஒட்டும் ரோடிகோடின். இவை டோபமைனாக மாறுவதில்லை. டோபமைன் உட்காரும் ஏற்பியில் தாங்களே போய் உட்கார்ந்து வேலையை முடிக்கின்றன. நரம்புசெல் மாற்றிக்கொடுக்க வேண்டியதில்லை, புரதத்தோடு போட்டி இல்லை, அதனால் சாப்பாட்டோடு போட்டால் தப்பில்லை, குமட்டலும் குறையும். லெவோடோபாவைவிட நீண்ட நேரம் நிற்கும், பலம் கொஞ்சம் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவற்றுக்குப் பிடித்தமான டி3 ஏற்பிகள் அசைவுப் பகுதியைவிட ஆசை, திருப்தி சம்பந்தப்பட்ட பகுதியில் அதிகம். அதனால் சிலருக்குச் சூதாட்டம், தேவையில்லாமல் பொருள் வாங்கிக் குவிப்பது, நள்ளிரவில் எழுந்து தின்பது, காம எண்ணம் மிதமிஞ்சுவது என்று திடீரென்று கிளம்பும். வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாக இருந்த மனிதர் இப்படி மாறினால் குடும்பம் அவரைத் திட்டும், அவரும் வெட்கப்பட்டு மறைப்பார், மாத்திரையின்மேல் யாருக்கும் சந்தேகமே வராது. இதைத் தொடங்கும் நாளிலேயே வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் டாக்டர் சொல்படி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று விட்டால் பதற்றமும் மனச்சோர்வும் வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழுவதும் உண்டு, வண்டி ஓட்டுபவர்கள் கட்டாயம் டாக்டரிடம் பேச வேண்டும்.

அமண்டடின் முதலில் ஃப்ளூ காய்ச்சலுக்கு வந்த மருந்து. குளூட்டமேட் என்ற இன்னொரு வேதிப்பொருளின் ஏற்பியை மறித்து டிஸ்கைனீசியாவைத் தணிக்கிறது. காலையும் மதியமும் போடுங்கள், மாலையில் போட்டால் தூக்கம் போகும். காலில் வலைபோல ஊதாக் கோடுகள் தெரிவது இதனால். சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். டிரைஹெக்ஸிஃபெனிடில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுத்து நடுக்கத்தை அடக்கும், அதே அசிட்டைல்கோலின்தான் ஞாபகத்துக்கும் தேவை என்பதால் வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் வரும். வயதானவர் சீட்டில் இது பல வருடமாக அப்படியே தொடர்ந்துகொண்டிருந்தால், இன்னும் தேவையா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் போகும் முன் மூன்று நாள் எழுதுங்கள்

"நல்லாத்தான் இருக்கார், சில நேரம் இல்லை" என்று சொன்னால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு தாளில் இப்படி எழுதினால் போதும்: காலை 7 மணி மாத்திரை. 7.40 கை லேசானது, தானே பல் துலக்கினார். 8.30 தோள் நெளிந்தது, அரைமணி. 10.30 வலது கால் இழுக்கிறது. 11 மணி மாத்திரை. 1 மணி சாப்பாடு. 3 மணி மாத்திரை, 4.15 வரை ஒன்றும் தெரியவில்லை.

இந்த ஏழு வரியிலேயே எல்லாம் இருக்கிறது. காலை மருந்து நாற்பது நிமிடத்தில் ஏறுகிறது, உச்சத்தில் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, மூன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது ஏறத் தாமதமாகிறது. இதைப் பார்த்தால் டாக்டர் ஒரு வேளையின் அளவைக் குறைத்து வேளைகளைக் கூட்டலாம், காம்ட் தடுப்பு மருந்தைச் சேர்க்கலாம், சாப்பாட்டு நேரத்தை மாற்றச் சொல்லலாம். படுத்தபடியும் எழுந்து நின்றபடியும் ரத்த அழுத்தம் பார்த்து அதையும் குறித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நோயும் சரி, இந்த மருந்துகளும் சரி, எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கி விழவைக்கும்.

எல்லாவற்றையும் டோபமைன் கணக்கில் எழுதக் கூடாது என்பதும் ஞாபகமிருக்கட்டும். வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், நோய் முற்றியபின் நிலைதடுமாறி விழுவது இவையெல்லாம் டோபமைனுக்கு அப்பாற்பட்ட இடங்களும் கெடுவதால் வருபவை, லெவோடோபாவை எவ்வளவு ஏற்றினாலும் பெரிதாக அசையாது. அவற்றுக்கு வேறு மருந்து, பிசியோதெரபி என்று தனி வழி.

வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தால்

இங்கேதான் அதிகம் சறுக்குகிறது. குமட்டலுக்கு எங்கும் சகஜமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் இரண்டும் டோபமைன் ஏற்பிகளை அடைத்துவிடும், பார்க்கின்சன் உள்ளவரை இரண்டே நாளில் கட்டிலோடு கிடத்திவிடலாம். இரவில் குழம்பிப் பேசுகிறார் என்று போடும் ஹாலோபெரிடாலும் அப்படித்தான். தலைசுற்றலுக்கு எழுதும் சின்னாரிசின், ஃபுளூனாரிசின் கூட இதே கதை. குமட்டலுக்கு டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாது என்பதால் பரவாயில்லை, இதயக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும், கொடுக்கலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இல்லாததெல்லாம் தெரிகிறது என்று சொல்லத் தொடங்கினால் குயெட்டியாபின் அல்லது குளோசபின் போன்றவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள்.

பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென்று முழுவதும் நிறுத்தவே கூடாது. காய்ச்சல் ஏறி, உடம்பு கட்டைபோல் இறுகி, நினைவு தப்பும் நிலை வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆபரேஷனுக்கு முன் வெறும்வயிறாக இருக்கச் சொன்னால் பார்க்கின்சன் மாத்திரைக்கு என்ன செய்வது என்று மயக்கமருந்து டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மடக்கு தண்ணீரோடு போட விடுவார்கள், விழுங்கவே முடியாது என்றால் மூக்குக் குழாய் வழியாகவோ ரோடிகோடின் ஒட்டுப்பட்டையாகவோ கொடுக்க வழி இருக்கிறது. வார்டில் மருந்து தரும் நேரம் அவர்கள் வசதிக்கு எட்டு, ஒன்று, எட்டு என்று இருக்கும், நம்முடையது ஏழு, பதினொன்று, மூன்று, ஏழாக இருக்கும். மாத்திரைப் பெயர், அளவு, நிமிடம் உட்பட நேரம், போடக் கூடாத மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நோயாளியின் ஃபைலில் முதல் பக்கமாக வைக்கச் சொல்லுங்கள், மற்றதைக் கூட இருப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள்.